ரீக் என்றால் புகை

அக்டோபர் 6, திங்கள்

அலுவலகத்துக் கோபத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் தலையில் கொட்டுகிறேன் என்று என் கணவன் ஜோயல் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறான். "எல்லாத்தையும் இதுல எழுது பெர்சி. எனக்குச் சோறாவது நிம்மதியா எறங்கட்டு" என்கிறான். சரி, எழுதுகிறேன்.

இன்றைய கோபம் இது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் இந்த இன்வர்கார்ன் ஊரில் மக்கள் பேசுவது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இல்லை. ஸ்காட்ஸ். அதற்குத் தனிச் சொற்களும் தனி ஒலியும் உண்டு. ஆனால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் தீர்மானித்து வைக்கவில்லை. அதனால் ஒரே சொல்லை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். இங்குள்ள வீட்டு வசதிச் சங்கத்துக்கு வாடகைக்காரர்கள் கைபேசியில் அனுப்பும் புகார்களைக் கணினியே படித்து, குழாயா, கூரையா, மின்சாரமா என்று பிரித்து அனுப்பும் நிரலை எங்கள் நிறுவனம் நடத்துகிறது. எழுத்து எப்படி மாறியிருந்தாலும் அது எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கும் பகுதி என்னுடையது.

அதற்கு வழிகள் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணலாம். எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் என்ன சொற்கள் நிற்கின்றன என்று பார்க்கலாம். மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் சரியாக வரும். நாங்கள் செய்வது முதலாவதை மட்டும். அதையும் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு.

'நல்ல' என்பதை இங்கே 'க்வீட்' என்பார்கள். ஆங்கில அகராதியில் அதற்கு ஓர் எழுத்துத் தூரத்தில் 'க்ரீட்', அதாவது பேராசை, இருக்கிறது. இன்று ஒருவர் 'நல்ல நாளாக இருக்கட்டும்' என்று எழுதி முடித்திருந்தார். நிரல் அதைப் 'பேராசை நாளாக இருக்கட்டும்' என்று மாற்றி வைத்திருந்தது. அலுவலகமே சிரித்தது.

ஸ்காட்ஸ் சொற்களுக்குத் தனித் தொகுப்பு வேண்டும், இரண்டு மாதம் கொடுங்கள் என்று ஜூலையிலேயே கேட்டேன். எங்கள் தலைவர் அலஸ்டர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அது ஒரு மொழியே இல்ல பெர்சிஸ். ஸ்பெல்லிங் தெரியாதவங்க எழுதற இங்கிலீஷ். பக்கத்துல இருக்கற சரியான வார்த்தைக்கு மாத்திட்டாப் போதும்."

அவர் பிறந்து வளர்ந்தது இதே ஊரில்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. துணி காயவில்லை. புட்டு அவித்தேன், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குளிர்தான் காரணம். ஜோயல் இரண்டு பேர் பங்கையும் தின்றுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 13, திங்கள்

பேருந்தில் முன் இருக்கைப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை துறைமுகத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்ததாம். அடைத்துப்போன புகைபோக்கி. கணப்பில் எரிந்த நிலக்கரியின் நச்சுக் காற்று வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. தாயும் மகளும் மயங்கிக் கிடந்தார்களாம். மகள் கண் விழித்துவிட்டாள். தாய் மோரக்குக்கு இன்னும் நினைவு வரவில்லை. கணவர் கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் கப்பலில் வேலை செய்கிறவர், அவசரமாகத் திரும்பி வந்திருக்கிறார்.

புக்கன் குடும்பம். சங்கத்தின் வீடு.

அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள், "மோரக் அவங்களுக்கு எழுதிக்கிட்டேதான் இருந்தா." இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எங்கள் பதிவுகளில் தேடினேன். எழுதித்தான் இருந்தாள். மூன்று முறை.

மூன்றாவதை இங்கே எழுதுகிறேன், தமிழ் எழுத்தில்: "த லம்ஸ் சோக்கிட். த ஹூஸ் இஸ் ஃபூ ஓ ரீக். த க்வைன்ஸ் ஹீட்ஸ் சேர். ஃபார்ஸ் யர் மானி?"

புகைபோக்கி அடைத்துக்கொண்டது. வீடு முழுக்கப் புகை. பிள்ளைக்குத் தலை வலிக்கிறது. உங்கள் ஆள் எங்கே?

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதில் ஒரு சொல்லாவது கூடுதலா, குறைவா?

நிரல் என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். 'லம்' என்றால் புகைபோக்கி. அகராதியில் இல்லாததால் பக்கத்தில் இருந்த 'பிளம்' பழமாக்கியது. 'க்வைன்' என்றால் பெண்பிள்ளை. அதை 'மிகவும்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக மாற்றியது. ஆக, பிள்ளையே காணாமல் போனாள். வலியைச் சொல்லும் 'சேர்' தலைமுடியானது. 'ஃபார்' என்றால் இந்த ஊரில் 'எங்கே' என்று பொருள். ஆங்கிலத்தில் தூரம் என்று இருக்கிறதே, அதனால் அதைத் தொடவே இல்லை.

எல்லாவற்றிலும் மோசம் 'ரீக்'. ஸ்காட்ஸில் அது புகை. ஆங்கிலத்திலும் அப்படியே ஒரு சொல் உண்டு, அங்கே நாற்றம் என்று பொருள். அகராதியில் இருக்கிற சொல்லை ஏன் சந்தேகப்பட வேண்டும்? மூன்று புகாரையும் நாற்றம் என்று எடுத்துக் குப்பைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. புகை என்று போயிருந்தால் அன்றைக்கே ஆள் வந்திருப்பான். நாற்றத்துக்கு முறை வரும்போதுதான் வருவார்கள்.

அலஸ்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "வக்கீல்கிட்ட பேசற வரைக்கும் இதப்பத்தி யார்கிட்டயும் பேசவேண்டாம்" என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

மோரக் புக்கன் இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாற்பத்தொரு வயது. மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நான் அவளைப் பார்த்ததே இல்லை.

மீன் வாங்கி வைத்திருந்தேன். சமைக்க முடியவில்லை. ஜோயலே கழுவிக் குழம்பு வைத்தான். வாடை பொறுக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

கூட்டம். சங்கம் ஒரு விசாரணை வைக்கப்போகிறது. வெளியூரிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி வருகிறார். எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஒரு தொழில்நுட்ப அறிக்கை கொடுக்க வேண்டும், அதை நான் எழுத வேண்டும்.

எழுதுவதற்குச் சிரமம் வைக்காமல் கடைசி வரியை வக்கீலே எழுதித் தந்துவிட்டார். 'வாடகைதாரர் அனுப்பிய தகவல்கள் பிழைகள் மலிந்தும் தெளிவற்றும் இருந்தமையால் எந்த அமைப்பாலும் அவற்றைப் புரிந்துகொண்டிருக்க இயலாது.'

இரண்டு முறை படித்தேன். செத்தவளுக்கு எழுத்துப் பிழை என்று தீர்ப்பு. வீட்டுக்குள் புகை வருகிறது என்று மூன்று முறை சொன்னவள் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றுவதுபோல ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்.

"இதுல என் பேரப் போட மாட்டேன்" என்றேன்.

"நீ அறிக்கைய எழுது. கடைசி வரிய அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அலஸ்டர். குரலில் கோபம் இல்லை. அவர் தூங்கிப் பல நாள் ஆனதுபோல இருந்தார். அதற்காக நான் இரக்கப்படப் போவதில்லை.

அக்டோபர் 22, புதன்

சங்கத்தின் அலுவலகத்தில் பழைய புகார்களின் நகல் வாங்கப் போனேன். முன்மேசையில் ஒரு பெரிய ஆள் நின்றிருந்தார். தோள் அகலம், சவரம் செய்யாத முகம். மேசைக்குப் பின்னால் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி.

அவர் பேசியதை எனக்கு என் ஊர்த் தமிழில்தான் எழுத வருகிறது. அவர் பேசியது அப்படித்தான் காதில் விழுந்தது. மெட்ராஸ் தமிழில் எழுதினால் அது அவர் பேச்சாக இருக்காது.

"எனக்க மோரக் மூணு மட்டம் எழுதினா. லம்மு அடஞ்சு கெடக்கு, வீடு நெறைய பொகைன்னு எழுதினா. இதுல உனக்கு என்ன புரியல்ல?"

"சார், அவங்க இங்கிலீஷ்ல எழுதியிருந்தா சிஸ்டம்…"

"அவ பேசுக மாதிரி எழுதினா. உனக்க அப்பனும் இப்படித்தான் பேசுவாரு. நானும் அவரும் மீன் பிடிக்க ஒரே போட்டுல போனவங்களாக்கும்."

அந்தப் பெண்ணின் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "எனக்குப் புரியுது மிஸ்டர் புக்கன். ஆனா என்கிட்ட அது வரவே இல்ல. சிஸ்டம்தான் படிக்கும்" என்றாள்.

நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. அருகில் போய், அந்த நிரலில் வேலை செய்கிறவள் நான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எந்த ஊரு பிள்ள?"

"இந்தியா. தெற்கு ஓரம்."

"நான் பேசுகது உனக்குப் புரியுகா?"

"புரியுது."

"பெறவு மிசினுக்கு ஏன் புரியல்ல?"

பதில் சொல்ல வேண்டுமானால் ஜூலையிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை அடக்கம் என்றார். தொலைபேசி எண் கேட்டார், கொடுத்தேன். 

வரும் வழியெல்லாம் கல்லூரி ஞாபகம். சென்னையில் முதல் வருடம், 'எனக்க புக்கு' என்று ஒரு முறை சொன்னதற்கு விடுதியில் மூன்று வருடமும் என்னை 'எனக்க' என்றே கூப்பிட்டார்கள். மலையாளமா என்று கேட்டார்கள். நான் சீக்கிரமே மாற்றிக்கொண்டேன். எவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொண்டேன் என்பது இன்றைக்குத்தான் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

அடக்கத்துக்குப் போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை? அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அடக்க ஆராதனை நடந்த கோயில் தெரியும். வெளியே நின்ற கூட்டம் கலைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அலஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரவர் ஜன்னலில்.

நவம்பர் 4, செவ்வாய்

பத்து நாளாக எழுதவில்லை. செய்து முடித்துவிட்டேன்.

ஜூலையில் கேட்ட இரண்டு மாதம் தேவைப்படவே இல்லை. ஸ்காட்ஸ் அகராதிகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதங்கள் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்ளும் பக்கங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. ஒரு சொல்லை எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனையையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தேன். ஒலி எப்படி மாறுகிறது என்பதை விதியாக எழுதினேன். ஆங்கிலத்தில் 'வ' ஒலியில் தொடங்கும் கேள்விச் சொற்கள் இங்கே 'ஃப' ஒலியில் தொடங்கும், அதனால்தான் 'ஃபார்' என்பது 'எங்கே' ஆகிறது. ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸிலும் வெவ்வேறு பொருளில் இருக்கும் சொற்களுக்கு மட்டும், பக்கத்துச் சொற்களைப் பார்த்து முடிவெடு என்று சொல்லிவைத்தேன். 'ரீக்' அருகே 'லம்' நின்றால் அது புகை. அப்போதும் சந்தேகம் என்றால் மனிதரிடம் அனுப்பு.

மோரக்கின் மூன்று புகாரையும் கொடுத்தேன். மூன்றும் ஒரே மாதிரி வந்தன. புகை. உடனடி.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கழிவறைக்குப் போய் அழுதேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது.

நவம்பர் 5, புதன்

அலஸ்டரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் அவர் முகம் மலர்ந்தது, நிஜமாகவே. வேலை தெரிந்த மனிதர்தான். 'லம்' பிடிபட்ட இடத்தைப் பார்த்து, "நல்லாப் பண்ணியிருக்கே" என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இத அழிச்சிடு."

"ஏன்?"

"ரெண்டு வாரத்துல செய்ய முடிஞ்சத ஏன் முன்னாடியே செய்யலன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நானும் அதத்தான் கேக்கறேன்."

"பெர்சிஸ், இங்க ஆறு பேர் வேல பார்க்கறாங்க. இது ஒண்ண நம்பித்தான் இந்த அலுவலகமே ஓடுது. உன் விசாவும் இதுலதான் இருக்கு. மெரட்டறேன்னு நெனச்சுக்காத."

மிரட்டவில்லையாம். அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அறிக்கையில் முழுவதையும் எழுதினேன். ஜூலையில் கேட்டது, மறுத்தது, இப்போது செய்தது, வந்த முடிவு. வக்கீல் தந்த கடைசி வரியை எடுத்துவிட்டேன். விசாரணைக்கு நேராக அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

ஜோயலிடம் சொன்னேன். அனுப்பியபிறகு சொல்கிறாயே என்றான். அது நியாயமான கேள்வி, அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அவங்க கேட்ட மாதிரி ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா என்ன பெர்சி? நீயா அந்தப் பொகைய விட்ட?"

"அவளுக்கு எழுதத் தெரியலன்னு எழுதச் சொல்லுகான். நான் எழுதணுமா?"

"வேல போச்சுன்னா விசா போச்சு. எனக்க கோடவுன் வேலையும் உனக்க விசாவுலதான் ஓடுகு. இப்ப பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போவ முடியுமா? உனக்க நெலமைல…"

"எனக்கு ஒரு நெலமையும் இல்ல."

அவன் மெதுவாக, "நாளைக்கி டாக்டருக்க கிட்ட போவோம். நானே நேரம் வாங்கியாச்சு" என்றான்.

போன வருடம் அவசரப்பட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பட்டது போதும். இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர்.

நவம்பர் 20, வியாழன்

நகர மண்டபத்தில் விசாரணை. கூடத்தில் உட்கார இடமில்லை. மீன் தொழிற்சாலைப் பெண்கள் வேலை உடுப்போடே வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஜிம் புக்கன். அவர் பக்கத்தில் மகள் எய்ல்ஸா, பதினொரு வயது. பள்ளிச் சீருடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையை ஏன் கூட்டி வந்தார் என்று முதலில் நினைத்தேன். வேறு யாரிடம் விட்டுவிட்டு வருவார்?

காலையில் என்னை விசாரித்தார்கள். எழுதியதையே சொன்னேன். சங்கத்தின் வக்கீல் எழுந்து, "நீங்க இந்த மொழியப் பேசறவங்க இல்ல, இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல. கத்துக்கிட்டேன்."

"இந்த ஊர்ல எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் இருந்த எனக்கே புரிஞ்சுது."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நீதிபதி ராமேஜ் அம்மாள் நிமிர்ந்து பார்த்ததும் நின்றது.

மதியம் அலஸ்டர் முறை. எங்கள் நிறுவன வக்கீலின் திட்டம் சுலபமானது. மூன்றாவது புகாரைத் திரையில் போட்டார். "இதுல பாதி வார்த்தை அகராதியிலேயே கிடையாது. மிச்சப் பாதி தப்பு. இத யாரால படிக்க முடியும்?" என்றார். அலஸ்டர் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

நீதிபதி அலஸ்டரிடம், "எனக்கும் தடுமாற்றமாத்தான் இருக்கு, நான் தெற்குப் பக்கத்துக்காரி. நீங்க உரக்கப் படிங்க, கேக்கறேன்" என்றார்.

அவர் எழுந்தார். முதலில் ஆங்கிலம் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டிப் படித்தார். அப்படிப் படித்தால் அது எதுவுமே இல்லை, தடுக்கி விழும் ஓசை. இரண்டாவது வாக்கியத்தில் நின்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை அவர் வாய் வேறாக இருந்தது. குரல் ஒரு படி கீழே இறங்கியது. 'ஹூஸ்' என்றபோது உதடு குவிந்த விதம், 'ரீக்' என்பதை இழுத்த விதம், எதுவும் அலுவலகத்தில் நான் கேட்ட அலஸ்டர் இல்லை. அது துறைமுகத் தெருப் பேச்சு. தடங்கலே இல்லாமல் வந்தது. "த க்வைன்ஸ் ஹீட்ஸ் சேர்" என்றபோது எய்ல்ஸா காலாட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பற்றி அவள் அம்மா எழுதியது. அம்மா சொல்வதுபோலவே கேட்டிருக்கும்.

கூடத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன பொருள்?" என்று நீதிபதி கேட்டார்.

அலஸ்டர் சொன்னார், ஒவ்வொரு வாக்கியமாக. எதிலும் தவறு இல்லை.

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து புரியும்?"

"பொறந்ததிலேர்ந்து" என்றார்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் அலஸ்டர் எனக்காகக் காத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "எங்க அம்மா இப்படித்தான் பேசுவாங்க. ஸ்கூல்ல இத வாயத் தொறந்து பேசினா பெல்ட்டால அடிப்பாங்க. என் பசங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்னு வீட்ல பேசறத நிறுத்தினேன். அப்புறம் எல்லா இடத்துலயும் நிறுத்திட்டேன்" என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை. அடி வாங்கியவர், அடித்தவர்களின் அகராதியையே கொண்டுவந்து அடுத்தவர் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். அந்தப் புகாரை அக்டோபரில் என் மேசையருகே நின்று படித்தபோதே அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கிறது. அப்புறம்தான் வக்கீலைக் கூப்பிட்டிருக்கிறார்.

"இன்னைக்காவது படிச்சீங்களே" என்று மட்டும் சொன்னேன். ஜோயல் வண்டியோடு வந்திருந்தான். சொல்லாமலே வந்திருந்தான். ஏறிக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. 'மோரக் புக்கன் எழுதியது தெளிவாக இருந்தது. அதைப் படிக்கச் செய்த ஏற்பாடுதான் தவறியது.' இதைச் சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வர வேண்டியிருந்தது.

சங்கம் குடும்பத்துக்கு எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புகார்களை இனிமேல் ஊர்க்காரர் ஒருவரும் படிக்க வேண்டும். சங்கம் எங்கள் நிறுவனத்தை விலக்கிவிட்டது. நிறுவனம் எங்கள் ஆறு பேரையும் விலக்கிவிட்டது. ஊழியர்களுக்கு வந்த அறிவிப்பில், 'வட்டார எழுத்துப் பிழைகளைக் கையாள்வதில் ஏற்பட்ட சவால்கள்' என்று ஒரு வரி. இன்னமும் பிழைதான். அவர்களுக்குப் பதில் எழுதினேன்: 'பிழை இல்லை, மொழி.' யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மேசையைக் காலி செய்தபோது உடன் இருந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கோபத்தை நான் தவறென்று சொல்ல முடியாது. சொல்லவும் தோன்றவில்லை.

விசா போகாமலிருக்க மார்ச்சுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஜனவரியில் நேர்காணல். ஜோயல், "கிடைக்கும்" என்றான். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மக்ளே, பாரம் ஒண்ணும் தூக்காத" என்று அரைமணி நேரம் அழுதுகொண்டே சொன்னாள்.

ஜனவரி 15, வியாழன்

நேர்காணல் நேற்று முடிந்தது. அடுத்த வாரம் சொல்வார்களாம்.

காலையில் ஜிம் புக்கன் கூப்பிட்டார். சங்கத்திலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்திருக்கிறது, வா, படிச்சுப் பாரு என்றார். போனேன். கோட்டின் நடுப்பொத்தான் இப்போது மாட்டுவதில்லை, துப்பட்டாவை மேலே சுற்றிக்கொண்டேன். அவர் பார்த்தார், தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

நல்ல தாளில் நல்ல ஆங்கிலம். ஆழ்ந்த வருத்தம், கற்றுக்கொண்ட பாடம், எல்லாம் இருந்தது. முதல் வரியில், 'தங்கள் மனைவி திருமதி மோர்கன் புக்கன் அவர்களின் மறைவுக்கு.'

மோர்கன்.

"எனக்குக் கண்ணு சரியில்லயோன்னு பாத்தேன்" என்றார்.

இருவருமாகச் சங்கத்தின் அலுவலகத்துக்கு நடந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. முன்மேசையில் அதே பெண். கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"சிஸ்டம் தானா மாத்தியிருக்கும் மிஸ்டர் புக்கன். ஒண்ணு ரெண்டு எழுத்துதான். யாரைச் சொல்றோம்னு புரியுதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் புக்கன் தொப்பியைக் கழற்றினார். குரலை உயர்த்தவே இல்லை.

"புரியுகு. அவ எழுதினதும் இப்படித்தான் புரிஞ்சுது, எல்லாருக்கும். மாத்தி அடிச்சுத் தா."

"மேனேஜர் கையெழுத்துப் போடணும். அவர் இன்னைக்கு வெளியூர்ல இருக்கார்."

"நான் இரிக்கேன்."

"நாளைக்குத்தான் வருவார்."

"நாளைக்கி வரைக்கும் இரிக்கேன்."

சுவரோரமிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். உள்ளே வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், அவரிடம் தலையசைத்தார்கள், போனார்கள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்தாள். கடிதம் தப்பாகப் போய்விட்டது, இப்போதே மாற்ற வேண்டும், அவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "இல்ல சார், மோர்கன் இல்ல" என்றாள். அவளே மோரக்கின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, சொல்லத் தொடங்கினாள்.